அந்த வீடியோவில் இல்லாத மறுநாள் காலை

வாசகர் கேள்விகளும் மனநல ஆலோசகரின் பதில்களும்

பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கத்தைப் பற்றி எழுதுமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. மதுவும் புகையும் போதையும் திரையில் இவ்வளவு அழகாகக் காட்டப்படும்போது வளரும் பிள்ளைகளின் மனம் என்ன ஆகும் என்பதே அந்தக் கவலை. இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த ஆறு கடிதங்களும் பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்தவை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பி.யூ.சி. முதலாண்டு படிக்கிறான். இன்ஸ்டாகிராமில் அவன் சேமித்து வைத்திருந்த வீடியோக்களைத் தற்செயலாகப் பார்த்துவிட்டேன். மொட்டைமாடியில் உட்கார்ந்து பீர் குடிப்பது, புகையை வளையமாக விடுவது, கஞ்சாவைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவது என்று இருபதுக்கும் மேல் இருந்தன. கேட்டால், "எல்லாரும்தாம்மா குடிக்கிறாங்க. நான் பாக்கத்தானே செய்றேன், குடிச்சேன்னு சொன்னேனா?" என்கிறான். அவன் குடிப்பதில்லை என்றே நம்புகிறேன். வெறுமனே பார்ப்பதால் பிள்ளை கெட்டுப்போவானா? கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா?
– ஒரு தாய், அல்சூர்

பதில்: சகோதரி, உங்கள் மகன் சொன்னவற்றில் இரண்டாவது உண்மையாகவே இருக்கலாம். எனக்குக் கவலை தருவது முதலில் சொன்னதுதான். "எல்லாரும் குடிக்கிறார்கள்" என்ற எண்ணம் அவன் தலைக்குள் எப்படிக் குடியேறியது என்று பார்த்தால், உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

சில மாதங்களுக்கு முன், ஏறக்குறைய அதே வயதுப் பையன் ஒருவனைப் பெற்றோர் என்னிடம் அழைத்து வந்தார்கள். அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவன் சம்மதத்துடன் அவனுடைய கைப்பேசியை மேசைமேல் வைத்து, இருவருமாக அரைமணி நேரம் ரீல்ஸ் பார்த்தோம். வழக்கம்போல் தள்ளிக்கொண்டே போகச் சொன்னேன். நான் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். கிரிக்கெட், உடற்பயிற்சி, ஒரு நாய்க்குட்டி, சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், அதன் பிறகு ஒரு கண்ணாடிக் கோப்பை. மாலை வெயில் சாய்வாக விழும் மொட்டைமாடி அது. கோப்பைக்குள் ஐஸ் கட்டி விழும் ஓசையை மட்டும் தனியே கூட்டி வைத்திருந்தார்கள். முகம் தெரியாத ஒரு கை கோப்பையை உயர்த்துகிறது. பின்னால் நாலு பேர் சிரிக்கிறார்கள். மொத்தம் 11 விநாடி. பையன் அதைத் தள்ளாமல் இரண்டாம் முறையும் ஓடவிட்டான். அடுத்த பத்து நிமிடத்துக்குள் அதே மாதிரி மூன்று வந்தன. முடிவில் எண்ணிப் பார்த்தபோது, 52 வீடியோக்களில் 9 மதுவையோ புகையையோ காட்டின. ஒன்றைக்கூட அவன் தேடிப் போகவில்லை. எதன்மேல் கண் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறதோ, அதை இன்னும் கொண்டுவந்து கொட்டுவதுதான் அந்தச் செயலியின் ஏற்பாடு. விரும்பிப் பார்த்தானா, திகைத்துப் பார்த்தானா என்று அது கேட்பதில்லை.

"இந்த ஒன்பதுல எத்தனை பேர் வாந்தி எடுத்தாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருமே இல்ல, மேடம்" என்றான்.

ஒரு தெருவில் குடிகாரர் ஒருவர் இருந்தால், அவர் பாடிக்கொண்டு வருவதையும் அந்தத் தெருப் பிள்ளைகள் பார்ப்பார்கள், சாக்கடையோரம் விழுந்து கிடப்பதையும் பார்ப்பார்கள், மறுநாள் காலை அவர் மனைவி பக்கத்து வீட்டு வாசலில் கைமாற்று கேட்டு நிற்பதையும் பார்ப்பார்கள். அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் வளர்ந்தவர்களுக்கு அந்த முழுக் கதையும் தெரியும். கைப்பேசியோ அந்தக் கதையின் முதல் 11 விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, ஒரே நாளில் நூறு பேர் வாயிலாகக் காட்டுகிறது. அதனால் பிள்ளையின் மனத்தில் இரண்டு கணக்குகள் பிசகிவிடுகின்றன: எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பது ஒன்று, குடித்தால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. ஆசை அதற்குப் பிறகுதான் வருகிறது. சில பிள்ளைகளுக்கு வராமலே போய்விடவும் கூடும்.

இது குறித்து ஆய்வுகள் சொல்வதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போதைப்பழக்க ஆய்வு மையம் 2011இல் 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சமூக வலைத்தளங்களில் அன்றாடம் நேரம் செலவிடும் பிள்ளைகள், அப்படிச் செலவிடாதவர்களைவிடப் புகையிலையை 5 மடங்கும், மதுவை 3 மடங்கும், கஞ்சாவை 2 மடங்கும் பயன்படுத்தக்கூடியவர்களாக இருந்தார்கள். பிள்ளைகள் குடித்துவிட்டுக் கிடப்பது போன்ற படங்களை அத்தளங்களில் பார்த்ததாக 40 சதவீதம் பேர் கூறினார்கள். வலைத்தளந்தான் அவர்களைக் குடிக்க வைத்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஏற்கெனவே நாட்டம் உள்ளவர்களே அங்கு அதிக நேரம் கழித்திருக்கவும் கூடும். ஆனால் 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, புகைப்படங்களை 'லைக்' எண்ணிக்கையுடன் காட்டினார்கள். அந்த எண்ணிக்கையை இட்டவர்கள் ஆய்வாளர்களே. ஒரே படம், பாதிப் பேருக்கு நிறைய லைக்குகளுடனும் மீதிப் பேருக்குக் கொஞ்சம் லைக்குகளுடனும் காட்டப்பட்டது. நிறைய லைக் வாங்கியதாகக் காட்டிய படத்துக்கே பிள்ளைகள் தாங்களும் லைக் போட்டார்கள். மதுவும் சிகரெட்டும் இருந்த படங்களிலும் அதே கதைதான். அத்தகைய ஆபத்தான படங்களைப் பார்க்கும்போது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளைப் பகுதிகளின் இயக்கம் குறைந்திருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

இனி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவன் நண்பன் கைப்பேசியில் பார்ப்பான், உங்களிடம் பேசுவதும் நின்றுவிடும். நீங்கள் கேட்டதற்கு அவன் பதில் சொல்லியிருக்கிறான் அல்லவா, அந்தப் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே இப்போது முக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சேமித்து வைத்த வீடியோக்களில் இரண்டை அவனே காட்டட்டும் என்று கேளுங்கள். பார்த்து முடித்ததும், "இதுக்கு அடுத்த சீன் என்னவா இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஆள் வண்டியை எடுத்தானா, வீட்டில் யார் கதவைத் திறந்தார்கள், மறுநாள் வகுப்புக்குப் போனானா என்று அவன் வாயாலேயே கதை முடியட்டும். நீங்கள் முடித்து வைத்தால் அது அறிவுரையாகிவிடும்.

அடுத்து, "எல்லாரும்" என்ற சொல்லைக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். யார் பெயரையும் சொல்ல வேண்டாம், உன் வகுப்பில் உண்மையாகவே குடிப்பவர்களை விரலால் எண்ணு என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்ன பையன் 60 பேர் உள்ள வகுப்பில் 4 விரலோடு நின்றான், அவனுக்கே அது வியப்பாக இருந்தது. நாட்டுக் கணக்கும் அப்படித்தான். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் மது அருந்துவோர் 14.6 சதவீதம். எண்ணிக்கையில் அது 16 கோடி, சிறிய எண்ணன்று. ஆயினும் நூற்றுக்கு 85 பேர் குடிப்பதில்லை என்பதும் அதே கணக்குதான். அவர்கள் குடிக்காமல் இருப்பதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

அப்படிப்பட்ட வீடியோ வரும்போது 'ஆர்வமில்லை' என்பதைத் தொடர்ந்து அழுத்தினால் வரத்து குறையும். பரிந்துரைகளை அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதியும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் இந்தியாவிலும் 13 முதல் 17 வயதினருக்குத் தனிவகைக் கணக்கு வந்திருக்கிறது. அது வேண்டாத வீடியோக்களை ஓரளவு மட்டுப்படுத்தும், ஆனால் பிறந்த ஆண்டு உண்மையாக இருந்தால்தான். ஆறாம் வகுப்பிலேயே ஆண்டை மாற்றிக் கொடுத்துக் கணக்குத் தொடங்கிய பிள்ளைகள் ஏராளம். உங்கள் மகன் எந்த ஆண்டைக் கொடுத்திருக்கிறான் என்று சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் 17 வயதுப் பெண். என் தோழிகள் கூட்டத்தில் பிறந்தநாள் என்றால் யார் வீட்டிலாவது பெரியவர்கள் இல்லாத நாளாகப் பார்த்து பார்ட்டி வைக்கிறார்கள். நான் குடிப்பதில்லை. அதற்காக "சாமியார்" என்று கேலி செய்கிறார்கள். போன மாதம் ஒருத்தி தன் கோப்பையை என் கையில் திணித்துப் படம் எடுத்து ஸ்டோரியில் போட்டுவிட்டாள். என் சித்தி மகள் அதைப் பார்த்துவிட்டாள். தோழிகளையும் விட முடியவில்லை, இதையும் தாங்க முடியவில்லை.
– ஒரு மாணவி, கே.ஆர்.புரம்

பதில்: மகளே, முதலில் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. சித்தி வீட்டு வழியாக அந்தச் செய்தி வருவதற்கு முன் உன் வாயிலிருந்து வரட்டும். "அம்மா, இப்படி ஒரு படம் வந்துச்சு, அது என் கிளாஸ் இல்ல" என்ற ஒரு வரி போதும். திட்டு விழலாம், ஆனாலும் அம்மா நம்புவாள். இரண்டாவதாக, படம் போட்ட தோழியிடம் குழுவில் எழுதாமல் நேரில் பேசு. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று அவள் சொல்லக்கூடும். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதையும், இனி உன்னைக் கேட்காமல் உன் படத்தைப் போடக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்.

அந்தக் கோப்பையை உன் கையில் ஏன் திணித்தாள் என்று யோசித்துப் பார். குடித்தவர்களுக்குக் குடிக்காத ஒருத்தி அருகில் இருப்பது உறுத்தும். எல்லார் கையிலும் கோப்பை இருக்கும் படம் அந்த உறுத்தலைத் துடைத்துவிடுகிறது. நாளைக்கு அந்தப் படத்தைப் பார்க்கும் வேறொரு பெண், "இவளுங்க எல்லாருமே குடிக்கிறாளுங்க, நான்தான் பட்டிக்காடு" என்று நினைத்துக்கொள்வாள். அவளை ஏமாற்றுவதற்கு உன் கை பயன்பட்டிருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் வருத்தமாக இருக்கிறது. உன்மேல் கோபம் இல்லை.

மறுப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். "எனக்கு வேண்டாம்" என்பதோடு நிறுத்து. மாத்திரை சாப்பிடுகிறேன், அப்பா திட்டுவார் என்று காரணம் சொல்லத் தொடங்கினால், ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். போனவுடன் உனக்கு வேண்டிய ஜூஸையோ தண்ணீரையோ நீயே ஊற்றிக் கையில் வைத்துக்கொள், காலியான கையைத்தான் தேடி வருவார்கள். குடிக்காத இன்னொருத்தி அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பாள், அவளோடு சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பு. வீட்டாரோடு ஓர் ஏற்பாடும் செய்துகொள்: நீ ஒரு புள்ளியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அம்மா உடனே அழைத்து, "பாட்டிக்கு உடம்பு சரியில்ல, கிளம்பி வா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பல வீடுகளில் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன், பயன்பட்டிருக்கிறது.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். சனிக்கிழமை இரவு கொஞ்சம் குடிப்பேன், மறைக்க விரும்பவில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது நாங்கள் உட்கார்ந்து குடித்ததை என் மச்சான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். என் 14 வயது மகன் அதைப் பார்த்துவிட்டு, "நீ குடிக்கலாம், நான் மட்டும் கூடாதாப்பா?" என்று கேட்கிறான். அவனுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?
– ஒரு தந்தை, ஸ்ரீராமபுரம்

பதில்: சகோதரரே, குடியைப் பற்றி உங்கள் மகனுக்கு மற்ற எவரையும்விட உண்மையாகப் பேசக்கூடியவர் நீங்கள்தான். எவ்வளவு செலவாகிறது, ஞாயிறு காலை தலை எப்படி வலிக்கிறது, எந்த நாளில் சவாரி போனது, அவன் அம்மா எதற்காக அழுதாள் என்று நீங்கள் சொல்லும் ஒரு வரிக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. "நான் குடிக்கிறது நல்லதுன்னு நெனைக்காதே, எனக்கே விட முடியாமத்தான் இருக்கு" என்று சொல்ல நேர்ந்தால் சொல்லுங்கள். அதனால் மகனிடம் மரியாதை குறையாது.

அவனுடைய கேள்விக்கு நேரான பதிலும் உண்டு. மனிதனின் மூளையில், பின்விளைவை எண்ணிப் பார்த்துக் கையை நிறுத்தும் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வளர்ச்சி முடியுமுன் தொடங்கும் பழக்கம் இறுகப் பற்றிக்கொள்கிறது. சிறு வயதில் தொடங்கியவர்களில் அடிமையாகிறவர்கள் அதிகம். உங்களுக்கு ஆகாதது அவனுக்கு இன்னும் ஆகாது என்று இதை விளக்கலாம். சரக்கு வாங்கிவர அவனை அனுப்பாதீர்கள். திருவிழாவில் யாரும் அவனுக்கு "ஒரு மூடி" ஊற்ற விடாதீர்கள். மருத்துவக் காரணமின்றி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மச்சானிடம் ஸ்டேட்டஸ் போட வேண்டாமென்று நீங்களே சொல்லிவிடுங்கள், மகன் கேட்கும்படியாகவே சொல்லுங்கள். சனிக்கிழமையை நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் 14446 என்ற இலவசப் போதைமீட்பு உதவி எண்ணில் பேசலாம். ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஸ்ரீராமபுரத்திலிருந்து அங்கே போக வழி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். என் பேத்தியின் கைப்பேசியில் மது நிறுவனங்களின் பெயர் தாங்கிய விளம்பரங்கள் வருகின்றன. தொலைக்காட்சியில் தடை செய்யப்பட்டவை கைப்பேசியில் மட்டும் எப்படி வரலாம்? இதற்குச் சட்டமே இல்லையா?
– ஒரு வாசகர், மர்ஃபி டவுன்

பதில்: சட்டம் இருக்கிறது, ஐயா. கேபிள் தொலைக்காட்சியில் மது, புகையிலை விளம்பரங்களை 1994ஆம் ஆண்டின் விதிகள் தடுத்தன. அதன் பிறகுதான் அதே பெயரில் சோடாவும் குடிநீரும் இசைத்தட்டும் விளம்பரமாகத் தொடங்கின. சோடா விற்பது அவர்கள் நோக்கமன்று என்று எல்லாருக்கும் தெரியும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், இப்படி வேறொரு பொருளைக் காட்டித் தடைசெய்யப்பட்ட பொருளை விளம்பரப்படுத்துவதை எந்த ஊடகத்திலும் கூடாது என்றன. பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழும் சமூக ஊடகப் பிரபலங்கள் அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று விளம்பரத் தர மன்றமும் 2021இல் விதித்திருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்க 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒரு பிரிவு உண்டு. பேத்தியின் திரையில் அப்படி ஒன்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆசிரியராக இருந்தவர் எழுதும் புகார் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கும், தயவுசெய்து எழுதுங்கள்.

கர்நாடகத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயதாக 1965ஆம் ஆண்டின் மாநிலக் கலால் சட்டம் 18ஐக் குறிப்பிடுகிறது. 1967ஆம் ஆண்டின் விதிகளோ 21 வயது என்கின்றன. 2023 ஜனவரியில் விதிகளிலும் 18 ஆக்கலாம் என்று ஒரு வரைவு வந்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. ஆகவே இன்றும் மதுக்கடை 21 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது. வயதைக் கேட்காமல் விற்கும் கடைகள் எந்தப் பேட்டையிலும் இருப்பதை நீங்களும் அறிவீர்கள்.

ஆனால் ஐயா, சட்டத்தால் விளம்பரத்தைத்தான் பிடிக்க முடியும். உங்கள் பேத்தியின் பார்வையில் படும் கோப்பைகளில் பெரும்பாலானவை விளம்பரமே அல்ல. காசு வாங்காமல், கைத்தட்டலுக்காக மட்டும் பக்கத்துத் தெருப் பையன் போட்டவை அவை. முன்பின் தெரியாத நடிகர் குடிப்பதைவிட, தெரிந்த முகம் குடிப்பதே அந்த வயதில் ஆழமாகப் பதிகிறது. அந்த இடத்தில் நீங்களும் நானும்தான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் தம்பியின் பையில் பென்டிரைவ் போன்ற ஒரு கருவி கிடைத்தது; மாம்பழ வாசனை அடித்தது. வேப் என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால் வீடு ரெண்டாகிவிடும். போலீஸ் பிரச்சினை வருமோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஓர் அக்கா, விவேக் நகர்

பதில்: வேப் என்பது மின்சிகரெட்தான். அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் இந்தியா 2019இல் தடை செய்துவிட்டது. ஆகவே தம்பிக்கு அதைக் கொடுத்த ஆள் சட்டத்தை மீறியிருக்கிறார். பழ வாசனை அடித்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் நிகோடின்தான்; "வெறும் ஃப்ளேவர்" என்று தம்பி உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கலாம், வீடியோக்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் நீங்களே அவனிடம் தனியாகப் பேசுங்கள். எப்போது தொடங்கினான், காலையில் எழுந்தவுடன் தேடுகிறானா என்று கேளுங்கள். தேடுகிறான் என்றால் மருத்துவ உதவி வேண்டும், அப்போது அம்மாவுக்கும் தெரிய வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. வேப்போடு கஞ்சாவும் இருந்தால்கூடச் சிகிச்சைக்குப் போக அஞ்ச வேண்டியதில்லை. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கான வழக்கிலிருந்து விலக்குப் பெறப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது.

கேள்வி: எனக்கு 17 வயது. சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் பார்ட்டி. ஒருத்தன் நிறையக் குடித்துவிட்டு வாந்தியெடுத்துத் தரையில் மல்லாந்து கிடந்தான், எழுப்பினால் எழவில்லை. நாங்கள் ஆறு பேரும் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தோம். நானும் எடுத்தேன். குழுவில் போட்டதில் நிறைய பேர் சிரித்தார்கள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் வரவில்லை.
– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. மேலே ஒரு தாய்க்கு எழுதும்போது, குடிக்குப் பின் வரும் காட்சியை வீடியோக்கள் காட்டுவதில்லை என்றேன். நீ அதைத் திருத்தியிருக்கிறாய். சில சமயம் காட்டுகிறார்கள், நகைச்சுவையாகக் காட்டுகிறார்கள். அப்படி நூறு வீடியோக்களைப் பார்த்துச் சிரித்துப் பழகிய கண்ணுக்கு, எதிரே ஓர் உயிர் ஆபத்தில் கிடப்பது தெரியாமல் போய்விடுகிறது. நீங்கள் ஆறு பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் எது செய்ய வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கைக்குப் பழக்கமானது கேமரா மட்டுமே.

அதனால் இப்போது சொல்கிறேன், உன் நண்பர்களுக்கும் அனுப்பு. குடித்து நினைவிழந்தவனை மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது, வாந்தி மூச்சுக்குழலில் இறங்கி உயிர் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தலை சற்றே பின்னோக்கியும் வாய் தரையை நோக்கியும் இருக்கும்படி வைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, மோர், காபி எதையும் வாயில் ஊற்றக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. குளிர்ந்த நீரில் நனைக்கவும் கூடாது. எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, உதடு நீலமாகிறது என்றால், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். தூங்கினால் தெளிந்துவிடும் என்று தனியே விட்டுப் போகக் கூடாது. கடைசியாகக் குடித்தது இரத்தத்தில் ஏற நேரமாகும், நிலைமை இன்னும் மோசமாகலாம். வீட்டில் திட்டுவார்களே என்ற பயத்தில்தான் பிள்ளைகள் அழைக்கத் தயங்குகிறார்கள். எந்தத் திட்டாக இருந்தாலும் அதை வாங்கிக்கொள்ளலாம், தம்பி.

உன் கைப்பேசியில் உள்ள வீடியோவை இன்றே அழித்துவிடு, குழுவிலிருந்தும் நீக்கு. மற்ற ஐந்து பேரிடமும் நீக்கச் சொல், ஒருவன் மறுத்தால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழை. பிறகு அந்த நண்பனை நேரில் போய்ப் பார். மன்னிப்புக் கேட்பதற்கு முன், அன்றிரவு அவனை யார் எழுப்பினார்கள், எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்று அவனிடம் கேள். உன் கடிதத்தில் அது இல்லை.